நீலச் சீட்டு

வாயைப் பார்ப்பது டாக்டர் எர்மெக்கின் வேலை. கேட்பதும் எழுதுவதும் நர்ஸ் புருலின் வேலை.

எர்மெக் தலைநகரத்தில் படித்துத் தேறியவன். ருஷ்ய மொழி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு; நோகாத் பள்ளத்தாக்கின் கிர்கிஸ் பேச்சு என்றால் நாக்கு தடுக்கும். “அம்மா, வாயைத் திறங்க” என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் கிழவிகள் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அதனால் கேள்வியெல்லாம் புருல் வாய் வழியாகப் போகும், பதிலெல்லாம் புருல் கை வழியாக அட்டையில் ஏறும்.

மூன்று ஊர், முந்நூற்றுப் பன்னிரண்டு வாய். தேடியது ஒரே ஒரு பொருளைத்தான்: வெள்ளைத் திட்டு. கன்னத்துக்கு உள்ளே, நாக்குக்கு அடியில், துடைத்தாலும் போகாத ஒரு வெளுப்பு. வலிக்காது, எரியாது, சாப்பாட்டுக்கு இடைஞ்சல் பண்ணாது. சிலருக்கு அப்படியே கிடக்கும். சிலருக்கு நாலைந்து வருடத்தில் புற்றாகத் திரும்பும். புகையிலை விளைகிற இந்தப் பள்ளத்தாக்கில் அது ஏன் இத்தனை பேருக்கு வருகிறது என்பதுதான் எர்மெக்கின் ஆராய்ச்சி. நாஸ் போடுவதாலா, ஒரே வாயில் தங்கப்பல்லும் இரும்புப்பல்லும் கலந்து கிடப்பதாலா?

நாஸ் என்பது புகையிலைத் தூளும் சாம்பலும் எண்ணெயும் குழைத்து உருட்டிய பச்சை மணிகள். நாக்குக்கு அடியில் ஒரு சிட்டிகை ஒதுக்கினால் தலை கிர்ரென்று சுற்றும், பல்வலி அடங்கும், பசி மறக்கும். ஆண்கள் நடுத்தெருவில் போட்டு நடுத்தெருவில் துப்புவார்கள். பெண்கள் போடுவதில்லை. போடுவதில்லை என்றுதான் பேச்சு.

அட்டையில் ஏழாவது கேள்வி அது. நாஸ் உண்டு என்று பதில் வந்து, வாயில் திட்டும் இருந்தால், சிவப்புச் சீட்டு. ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், துளி சதை வெட்டிப் பரிசோதனைக்குப் போகும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து வாயைக் காட்ட வேண்டும். நாஸ் இல்லை, ஆனால் திட்டு இருக்கிறது, இரண்டு வகைப் பல்லும் இருக்கிறது என்றால் நீலச் சீட்டு. இரும்பு உறையைக் கழற்றிவிட்டு வேறு உறை மாட்டுவார்கள். அதுவும் இலவசமாக. ஒரு வருடம் கழித்து வந்தால் போதும். ஊர்க்காரர்கள் இரண்டு நாளில் இதைப் புரிந்துகொண்டார்கள். நீலச் சீட்டு என்றால் அதிர்ஷ்டம், சிவப்பு என்றால் கேவலம்.

புருலுக்கு ஐம்பத்தொரு வயது. பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருபத்தாறு வருடம். அதற்கு முன்பு ஏழு வயதிலிருந்தே புகையிலைக் காடு. விடியுமுன் ஈர இலையை ஒடித்து, பகலெல்லாம் முழ நீள ஊசியில் கோத்து, சாயங்காலம் கையில் அப்பிய கருப்புப் பிசினைப் பச்சைத் தக்காளியை நசுக்கித் தேய்த்துக் கழுவின கை அது. பத்து வயதில் கடைவாய்ப் பல் வலித்து அழுதபோது அவள் அம்மாவே நாஸை எடுத்து வாயில் வைத்து, “அழுவாம இலையைக் கோத்துப் போடு” என்றாள். முப்பது வயது வரை புருல் அதை விடவில்லை. சட்டைக் கைமடிப்பில் ஒளித்து வைத்திருந்தாள். காட்டில் வேலை செய்கிற பெண்களில் பாதிப்பேர் கைமடிப்பில் அது இருக்கும். அவர்களுக்குள் தெரியும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அக்தால் ஊரில் சாபிராவின் வீட்டுக்குப் போனது அக்டோபர் கடைசியில். அறுவடை முடிந்த பிறகுதான் யாருக்காவது வாயைத் திறந்து காட்ட நேரம் கிடைத்தது. முதலில் ரொட்டியைப் பிட்டு, பாலாடை தொட்டுச் சாப்பிட்டு, தேநீர் குடித்து முடிந்தது. சாபிரா அறுபதைத் தாண்டிய விதவை, குரல் மட்டும் நாலு தோட்டத்துக்குக் கேட்கும். மகன் மாக்சத் சுவரில் சாய்ந்து நின்றான். வேடிக்கை பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

மாக்சத்தைத்தான் முதலில் பார்த்தார்கள்.

“நாஸ் போடுவியாப்பா?” என்று கேட்டாள் புருல்.

“என்னக்கா கேள்வி இது? மூணு நாள் ரொட்டி இல்லாம இருன்னா இருப்பேன். மூணு மணி நேரம் அது இல்லாம இருக்கச் சொல்லாதீங்க.”

“ரொட்டி இல்லாம மூணு நாளா? நீயா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “ஒரு வேளை ரொட்டி லேட்டானா அடுப்பையே தின்னுடுவே!” பிறகு எர்மெக்கைத் தாடையால் காட்டி, “இந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா புருல்?” என்று கேட்டாள்.

“இன்னும் இல்ல.”

“எப்படி ஆகும்? எல்லாப் பொண்ணுக்கும் வாய்க்குள்ளயே பாத்துக்கிட்டிருந்தா, மூஞ்சியை என்னைக்குப் பாக்கறது?”

எர்மெக்குக்குப் பாதி புரிந்தது. முகக்கவசத்துக்கு மேலே காது சிவந்தது.

அடுத்து மருமகளைக் கூப்பிட்டார்கள். தாஜிகுல் இலை காய்கிற கொட்டகையிலிருந்து வந்தாள். முப்பத்திநாலு வயது, ஒல்லி, மேலே இரண்டு தங்கப்பல், கீழே இடப்பக்கம் ஓர் இரும்புப்பல். நாற்காலிக்கு வருமுன் சுவர்ப்பக்கம் திரும்பிக் குனிந்தாள். கூஜாத் தண்ணீரை ஊற்றிக் கொப்பளித்தாள். புருல் அதைப் பார்த்தாள்.

எர்மெக் அவளை வெயிலைப் பார்த்து உட்காரவைத்து, நாக்கைத் துணியால் பிடித்துத் தூக்கினான். “இருக்கு” என்றான் ருஷ்ய மொழியில். “இடப்பக்கம், நாக்குக்கு அடியில். கட்டைவிரல் நகம் அளவு. ஈறு ஓரத்துல பச்சையா இருக்கே, அது என்ன?”

அட்டையோடு புருல் குனிந்தாள். எர்மெக் முகக்கவசம் கட்டியிருந்தான், அவள் கட்டவில்லை. சாம்பலும் புகையிலையும் புளித்த எச்சிலும் சேர்ந்த அந்த வாடை அவளுக்குத் தன் கைரேகை மாதிரி.

“பச்சைத் தேநீர்” என்றாள்.

“கேளுங்க.”

ஏழாவது கேள்வியை மட்டும் ஆளைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும், வீட்டு ஆட்களைத் தள்ளிப் போகச் சொல்ல வேண்டும் என்று எர்மெக் முதல் நாளே சொல்லியிருந்தான். புருல் அன்றைக்குத் தலையாட்டிவிட்டு மனசுக்குள் சிரித்தாள். ஒருத்தி வீட்டில் அவள் ரொட்டியைத் தின்றுவிட்டு, அவளையே முற்றத்தை விட்டுப் போ என்று சொல்ல நகரத்துக்காரனால்தான் முடியும்.

“நாஸ் போடுறதுண்டா?” என்று கேட்டாள்.

தாஜிகுல் மடியைப் பார்த்தாள். கை, கைமடிப்பைப் பிடித்துக்கொண்டது.

“யாரு, என் மருமகளா?” சாபிராவின் குரல் முற்றத்தை நிறைத்தது. “இந்த வீட்டுப் பொம்பளைங்க அந்தக் கருமத்தைத் தொட்டதே கிடையாது. இல்லைன்னு எழுது!” சொல்லும்போது மருமகளைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை. புருலையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

புருலுக்குத் தன் ஒன்றுவிட்ட அண்ணன் மனைவி ஞாபகம் வந்தது. கல்யாண விருந்து ஒன்றில் எல்லோர் முன்னாலும் அவள் கைமடிப்பிலிருந்து நாஸ் டப்பா விழுந்தது. மறுநாள் காலை கழுதை மேல் மெத்தையைக் கட்டி ஏற்றி அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளையை அனுப்பவில்லை.

இன்னொரு முறை கேட்டால் சந்தேகப்படுகிறாள் என்றாகும். புருல் கேட்கவில்லை. ஏழாவது கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதி, நீலச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். தாஜிகுல் ஒரு கணம் கண்ணை உயர்த்திப் பார்த்தாள். புண்ணியம் செய்துவிட்டோம் என்று புருலுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. அந்த மூன்று ஊரிலும் அவள் இப்படி ஒன்பது பேருக்குப் புண்ணியம் செய்தாள்.

மூன்று வாரம் கழித்துத் தாஜிகுல் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இரும்பு உறையைக் கழற்றிவிட்டு எர்மெக் அளவு எடுத்தான். அவன் பக்கத்து அறைக்குப் போனதும் தாஜிகுல் வாயைத் துடைத்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டாள்.

“அக்கா, இது பல்லு உலோகத்தாலதான் வந்துச்சா? வேற எதுனாலயும் இல்லையே?”

“உலோகந்தான்னு டாக்டர் எழுதிட்டாரு.”

“நீங்கள்லாம் வந்துட்டுப் போனதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லக்கா. பயத்துல விட்டுட்டேன். இன்னையோட பத்தொம்பது நாள்.” விரலை மடக்கிக் காட்டினாள். “தலை வெடிக்குது. பிள்ளைங்க மேல எரிஞ்சு விழறேன். ஆனா பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். அப்ப… அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லதானே?”

விட்டது விட்டதாகவே இருக்கட்டும் என்று சொல்லத்தான் புருல் வாயெடுத்தாள். கதவு திறந்து எர்மெக் உள்ளே வந்தான். இந்தப் பேச்சு அவன் காதில் விழுந்தால் அட்டையில் எழுதினது பொய் என்று வெளிப்பட்டுவிடும்.

“ஒண்ணும் பயமில்ல, போ” என்றாள்.

தாஜிகுல் முகம் தெளிந்தது. புது உறை மாட்ட அடுத்த வாரம் அவள் வந்தபோது, குனிந்த புருலுக்கு மறுபடி அந்த வாடை அடித்தது. புருல் நிமிர்ந்து பஞ்சை எடுத்துக் கொடுத்தாள்.

எர்மெக்கின் ஆராய்ச்சி நன்றாக முடிந்தது. பெண்களில் பதினாலு பேருக்குத் திட்டு, பதினாலு பேருமே நாஸ் தொடாதவர்கள். ஆகவே ஒரே வாயில் இரண்டு உலோகம் கலந்திருப்பதே காரணம் என்று அவன் எழுதியதைத் தலைநகரத்தில் பெரியவர்கள் கை தட்டி ஏற்றுக்கொண்டார்கள். வட்டாரப் பத்திரிகையில் அவன் படம் வந்தது. பின்னால் பாதி முகம் மறைந்து புருலும் இருந்தாள். அந்தத் துண்டை அவள் வெட்டி வைத்துக்கொண்டாள்.

அடுத்த அக்டோபரில் வர வேண்டிய தாஜிகுல் வரவில்லை. இலை விலை போகாத வருடம் அது. மாக்சத்தோடு வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போயிருந்தாள். பிப்ரவரியில்தான் வந்தாள். முக்காட்டால் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்தால்தான் இறங்குகிறது, காதுக்குள் ஊசி ஏறுகிறது என்றாள். எர்மெக் நாக்கைத் தூக்கினான். அடியில் இப்போது வெள்ளையில்லை. கரடுமுரடான சிவப்பு, ஓரம் கல் மாதிரி. அவன் கழுத்தைத் தடவினான். தாடைக்குக் கீழே கட்டி விரலுக்கு அகப்பட்டது. எர்மெக் வாய் பார்க்கும் கண்ணாடியைத் தட்டில் வைத்தபோது சத்தம் வந்தது. பொதுவாக அவன் சத்தமில்லாமல்தான் வைப்பான்.

“உலோகம் இப்படிப் பண்ணாதே” என்றான், யாரிடமோ சொல்வது போல.

பரிசோதனை முடிவு பத்து நாளில் வந்தது. நகரத்தில் பாதி நாக்கை எடுக்க வேண்டும், கழுத்தையும் கிழிக்க வேண்டும். வண்டி ஏறுவதற்கு முன்னால் தாஜிகுல் ஆஸ்பத்திரி நடையில் புருலைப் பிடித்தாள். துணிப்பை ஒன்றைக் கையில் திணித்தாள். உலர்ந்த ஆப்ரிகாட் பழம்.

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“வச்சுக்குங்கக்கா. திரும்பி வரும்போது எனக்குப் பேச்சு வருமோ வராதோ. இப்பவே சொல்லிடறேன்.” வலியில் ஒவ்வொரு வார்த்தையையும் உருட்டித் தள்ளினாள். “அன்னைக்கு எங்க முற்றத்துல… உங்களுக்குத் தெரிஞ்சுதானே ‘இல்லை’ன்னு எழுதினீங்க? மூக்குன்னு ஒண்ணு இருக்கறவங்களுக்குத் தெரியாமலா போகும்? நீங்க மட்டும் ‘உண்டு’ன்னு எழுதியிருந்தா எங்க மாமியார் அன்னைக்கே என் மெத்தையைக் கட்டியிருப்பாங்க. பிள்ளைங்களைப் பிரிஞ்சிருப்பேன். உங்க புண்ணியத்துலதான் ஒண்ணரை வருஷம் நிம்மதியா இருந்தேன். மறக்க மாட்டேன்க்கா.”

வண்டி போன பிறகும் புருல் பையைப் பிடித்தபடியே நடையில் நின்றாள். பெருக்க வந்தவள், “அக்கா, காலை எடுங்க” என்று இரண்டு தடவை சொன்னாள்.

அன்றைக்கே எர்மெக்கிடம் சொல்லிவிட்டாள். நாள் கடத்தினால் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

“பதினாலுல ஒம்போது பேரு போடுறவங்க டாக்டர். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ‘இல்லை’ன்னு எழுதினேன்.”

எர்மெக் பேனாவை மூடினான். “ஒம்போது.”

“ஆமா.”

“புருல் அக்கா, எனக்குக் கணக்கு சொல்லித் தராதீங்க. பதினாலுல ஒம்போது போனா என் ஆராய்ச்சியில என்ன மிச்சம் இருக்கும்னு எனக்குத் தெரியும்.” எழுந்து ஜன்னலைத் திறந்தான், மூடினான். “ஏன்?”

“மானம் போயிடுமேன்னு.”

“யாரு மானம்?”

“அந்தப் பொண்ணுங்க மானம்.”

“தனியா வச்சுக் கேளுங்கன்னு நான் சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க. அவங்க வீட்டுல ரொட்டி தின்னுட்டு அவங்களையே வெளிய போன்னு எப்படி…”

“ரொட்டி!” ருஷ்ய மொழியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். இருபத்தேழு வருடத்தில் எந்த டாக்டரும் அவளை அப்படித் திட்டியதில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. “சிவப்புச் சீட்டு கொடுத்திருந்தா முதல் மாசமே அந்தத் திட்டை வெட்டி எடுத்திருப்பேன். பத்து நிமிஷ வேலை. நாலு தையல். ஒரு வாரத்துல ரொட்டி தின்னிருப்பா!”

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னான். கொடுத்தாள். அதை மடித்து மேசை இழுப்பறையில் போட்டான். அது தலைநகரத்துக்குப் போனதா, இழுப்பறையிலேயே கிடக்கிறதா என்று புருலுக்கு இன்று வரை தெரியாது. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று விட்டுவிட்டாள். ஆனால் ஒன்று: மற்ற எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு வரும்படி எர்மெக் அன்றைக்கே சொன்னான்.

பல் உறையைச் சரிபார்க்க என்று சொல்லி அனுப்பினாள். ஒருத்தி மாஸ்கோவுக்குத் தெருப் பெருக்கப் போய்விட்டாள், போன் எண்கூட யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி குரான் மேல் சத்தியம் பண்ணி, “என் மேல பழி போடுறியா, உன் நாக்கு அழுகிப் போவும்” என்று கதவை அடைத்தாள். ஆறு பேர் வந்தார்கள். அறைக் கதவைத் தாழிட்டுத் தனியாக உட்காரவைத்து, “நானும் இருபது வருஷம் போட்டவதாண்டி” என்று தன் கதையை முதலில் சொன்னாள். ஆறு பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஒருத்திக்குத் திட்டு புற்றாகத் திரும்புகிற கட்டத்தில் இருந்தது. எர்மெக் வெட்டினான். பத்து நிமிடம், நாலு தையல். புருல்தான் விளக்கைப் பிடித்தாள். அந்த நாலு தையலையும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மே மாதம் தாஜிகுல் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டாள். கால்கள் ஒரு வாரம் போக மறுத்தன. அவள் நன்றி சொன்னாளே, அந்த நன்றியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். உனக்கு நான் செய்தது நல்லதில்லையம்மா என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இனி ஒரு வாயின் முன்னாலும் அட்டையோடு நிற்க முடியாது.

நாற்று நடுகிற பருவம். மாக்சத்தும் பிள்ளைகளும் காட்டில். சாபிரா மட்டும் அடுக்களையில் மாவுக்கஞ்சியைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். கழுத்து வற்றியிருந்தது, அந்த நாலு தோட்டத்துக் குரலைக் காணோம்.

“வா புருல். உக்காரு. அவ கொட்டகையில துணி மடிக்கிறா, வருவா. கஞ்சியில கட்டி இருந்தா தொண்டையில சிக்கும், அதான் வடிகட்டறேன். ஆட்டுக்குட்டிக்குப் பால் குடுக்கற மாதிரி குடுக்க வேண்டியிருக்கு.”

“பேச்சு வருதா?”

“எனக்குப் புரியும். பிள்ளைங்களுக்குப் புரியும். வெளியாளுக்குப் புரியாது. அதனால வெளியாளுங்க முன்னால வாயே திறக்கறதில்ல.”

புருல் சுவரோரம் உட்கார்ந்தாள். சுற்றி வளைத்தால் முடியாது என்று தெரிந்தது. “சாபிரா அக்கா, உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கோவப்படக்கூடாது. தாஜிகுல் நாஸ் போட்டுக்கிட்டிருந்தா. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும்…”

“தெரியுமே” என்றாள் சாபிரா.

“என்ன?”

“அவ வந்த முதல் மாசமே தெரியும். மருமகள் சட்டையைத் துவைக்கப் போடும்போது கைமடிப்புல பச்சைக் கறை இருந்தா மாமியாருக்குத் தெரியாதா? நான் என்ன நாட்டு ராணியா? நானும் முப்பது வருஷம் இலை கோத்தவதான். எனக்கு அந்தக் கறை புதுசா?”

“அப்புறம் ஏன்… அன்னைக்கு இல்லைன்னு எழுதுன்னு…”

சாபிரா துணியைப் பிழிவதை நிறுத்தினாள். “வேற என்னடி சொல்லச் சொல்றே? பையன் சுவத்துல சாஞ்சு நிக்கறான். பக்கத்து வீட்டு ரெண்டு வாயும் பிளந்துக்கிட்டு உக்காந்திருக்கு. அவங்க முன்னால என் மருமக நாஸ் போடுவான்னு நான் சொல்வேனா? அவளைக் காப்பாத்தத்தான் சொன்னேன். வாய்க்குச் சொல்றது வேற, ஏட்டுல எழுதறது வேற. நீ நம்ம காட்டுப் பொம்பளை. குனிஞ்சு பார்த்தே, மோந்தே. நான் உன் கண்ணைப் பார்த்துத்தானே சொன்னேன்? நான் கத்தறதைக் கத்திக்கிறேன், நீ எழுத வேண்டியதை எழுதுன்னுதான் நினைச்சேன். அந்த ஏடு மருத்துவத்துக்குத்தானே? எங்க வீட்டு மானத்தை எங்க வாய் பாத்துக்கும். உன் பேனா ஏன் பாத்துச்சு?”

புருல் பேனா பிடிக்கிற தன் கையைப் பார்த்தாள்.

“நீலச் சீட்டுன்னதும் நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இவ எல்லாம் தெரிஞ்சவ, உண்மையைத்தான் எழுதியிருப்பா, டாக்டரும் பாத்துட்டாரு, அப்ப நாஸால இல்ல, நிஜமாவே உலோகந்தான்னு நினைச்சேன். நிம்மதியா இருந்தேன். அவ மறுபடி ஆரம்பிச்சதைப் பாத்தேன். பாத்துட்டும் சும்மா இருந்தேன்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, கையெல்லாம் கஞ்சியாக இருந்தது. “ஒத்த வார்த்தை. ‘அடியே, எனக்குத் தெரியும், விட்டுத் தொலை’ன்னு ஒத்த வார்த்தை சொல்லியிருக்கலாம் நான். பதிமூணு வருஷம் ஒரே அடுப்புல சமைக்கறோம். சொல்லல.”

நிலைப்படியில் நிழல் தட்டியது. தாஜிகுல் தேநீர்க் கூஜாவோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. தாடையிலிருந்து தோள் வரை தழும்பு, முகம் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் கண் மாமியாரைப் பார்த்தது, நீண்ட நேரம். பிறகு புருலைப் பார்த்தது.

“தாஜிகுல்” என்றாள் புருல். “நான் வந்து…”

தாஜிகுல் உள்ளே வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். கிண்ணத்தை எடுத்து வைத்து ஊற்றினாள். மருமகளாக இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து எந்த விருந்தாளிக்கும் அவள் அரைக் கிண்ணத்துக்கு மேல் ஊற்றியிருக்க மாட்டாள். அரைக் கிண்ணம் குடித்து முடித்தால் இன்னொரு அரைக் கிண்ணம், அதற்கு மேல் இன்னொன்று. இரு, இன்னும் இரு என்பதற்கு அதுதான் மரியாதை. இப்போது பாதி வந்தது. கூஜா நிமிரவில்லை. முக்கால் வந்தது. விளிம்பு வந்தது. துளி தளும்பித் துணி விரிப்பில் விழுந்தது. அப்புறம்தான் நிறுத்தினாள்.

நிரம்பின கிண்ணத்துக்கு ஒரே அர்த்தம்தான். குடித்துவிட்டு எழுந்து போ.

“அடியே, என்ன பண்றே!” என்று பதறினாள் சாபிரா. “பெரியவங்கடி! எடு, கொட்டிட்டு வேற ஊத்து!”

தாஜிகுல் எடுக்கவில்லை. இரண்டு கையாலும் கிண்ணத்தைப் புருலிடம் நீட்டினாள். முறை தவறாமல், வலக்கையை இடக்கை தாங்க, தலை குனிந்து நீட்டினாள்.

புருல் வாங்கிக்கொண்டாள். கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஊதிக் குடிக்கலாம்; ஊதினால் நேரமாகும், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கப் பார்க்கிறாள் என்று ஆகும். ஊதாமல் குடித்தாள். ஒரே மூச்சில், அடிவரைக்கும். வெறும் கிண்ணத்தை விரிப்பில் வைத்தாள். சாபிரா ஏதோ சொல்லிக்கொண்டே எழப் பார்த்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, தன் செருப்பைத் தானே தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வாய்க்கால் ஓரமாக நாற்றுக் கட்டுகளைச் சுமந்து பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, “என்ன புருல் அக்கா, வாயைக் கையால மூடிக்கிட்டு? உங்களுக்கே பல்லு வலியா?” என்று கேட்டுச் சிரித்தாள். புருல் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். நாக்கு பொள்ளிப் போயிருந்தது, நுனியிலிருந்து நடு வரைக்கும். நாலு நாளில் ஆறிவிடும். அது வலிக்கிறது என்று தனக்குத்தானே நினைத்துக்கொள்ளக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.